ரூபினி வாய் மூடிய மாதம்

என் தம்பி பெண்டாட்டி ரூபினிக்கு வாய் ஓயாது. நாத்தனார் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. குழம்பில் உப்புப் போட்டால் “உப்பு போட்டாச்சு” என்பாள். கதவைப் பூட்டினால் “பூட்டியாச்சு, இழுத்தும் பாத்தாச்சு” என்பாள். கேட்க ஆள் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்று யாரோ ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தாராம். அந்தப் பழக்கம் முப்பத்தாறு வயதிலும் அவளை விடவில்லை.

விவேக் நகரில், குழந்தை இயேசு கோவிலுக்கு நடந்துபோகிற தூரத்தில் எங்கள் வீடு. கீழே முன்பக்கம் என்னுடைய பியூட்டி பார்லர், அதற்குப் பின்னால் நானும் அம்மாவும். கல்யாணம் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை, அதை விடுங்கள். மாடியில் தம்பி தினேஷும் ரூபினியும். தினேஷ் ஏர்போர்ட் டாக்சி ஓட்டுகிறான். சமையல் மாடியில், சாப்பாடு எல்லோருக்கும் சேர்த்து. எங்கள் சுவரை ஒட்டின கடை வெங்கடசாமியுடையது. மெழுகுவத்தி, மாலை, சுரூபம் என்கிற சாமி சிலை எல்லாம் விற்கிறார். வியாழக்கிழமை கோவிலுக்கு வருகிற கூட்டத்தை வைத்துத்தான் அவருக்கு வாரம் ஓடுகிறது.

இவ்வளவு பேசுகிற ரூபினி ஆபீசில் வாயே திறக்க மாட்டாள் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பொம்மனஹள்ளியில் ஒரு சரக்குக் கம்பெனியில் அவளுக்கு ரிப்போர்ட் செக்‌ஷனில் வேலை. எந்த லாரி எங்கே எப்போது போய்ச் சேர்ந்தது, எது தாமதம், ஏன் தாமதம் என்று எக்செல்லில் போட்டுக் கொடுப்பாள். அதை மீட்டிங்கில் எடுத்துச் சொல்வது மேனேஜர் ஷ்ரேயாஸ். இவள் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். ஏன் நீ சொல்லக்கூடாது என்று ஒருநாள் கேட்டேன். அங்கே எல்லாரும் படபடவென்று இங்கிலீஷில் பேசுவார்களாம். இவள் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்களாம்.

போன வருஷம் கம்பெனியில் ஒரு புது சாஃப்ட்வேர் வாங்கினார்கள். எண்களைக் கொடுத்தால் படமாக மாற்றித் தரும். கட்டங்கள், கோடுகள், மேப்பில் புள்ளிகள். இனிமேல் எக்செல் தாள் வேண்டாம், ரிப்போர்ட் செக்‌ஷனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த சாஃப்ட்வேருக்கென்று ஒரு சர்ட்டிஃபிகேட் பரீட்சை இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் அதில் பாஸ் செய்தவர்களுக்குப் புது டீமில் இடம். மற்றவர்கள் சந்தாபுரா குடோனில் வருகிற சரக்கைச் சரிபார்க்கிற கவுண்டருக்குப் போகவேண்டும்.

இதை அவள் என்னிடம் சொன்னது பார்லர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, புருவத்துக்கு நான் நூல் போடும்போது. சந்தாபுராவுக்கு பஸ் ஏறி இறங்கி வருவது பேஜாருதான் என்று நான் ஆறுதலாகச் சொன்னேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

“தூரத்துக்காக இல்லக்கா. டெமோ காட்டினப்போ பாத்தேன், லாரி லேட்டாகிற எடமெல்லாம் மேப்ல செவப்பா வந்துச்சு. அதே விஷயத்த மூணு வருஷமா நான் நம்பரா எழுதி எழுதி அனுப்பினேன். ஒருத்தரும் பாக்கல. அன்னிக்கி அந்த ரூமே எந்திரிச்சு பாத்துச்சு. அந்த வேலை எனக்கு வேணும்க்கா.”

வேணும் என்று அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. நூலைக் கீழே வைத்துவிட்டேன்.

படிப்பு ஆரம்பமானது. வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் மூச்சுவிடாமல் விளக்குவார். இவள் அதை நிறுத்தி நிறுத்தி, அடுப்படியில் தமிழில் திருப்பிச் சொல்வாள். அந்த சாஃப்ட்வேரில் நீல நிறம் என்றால் தனித்தனியாக எண்ணுகிற விஷயம், பச்சை என்றால் தொடர்ந்து நீள்கிற விஷயம். வெண்டைக்காய் நீலம், தண்ணீர் பச்சை என்று இவள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அப்படியானால் அரைத்த மாவு என்ன நிறம் என்று அம்மா கேட்டார். மாவு பச்சை, இட்லி நீலம் என்று இவள் யோசித்துப் பதில் சொன்னாள். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், காலையில் இட்லி வைக்கும்போதெல்லாம் “எத்தன நீலம் வேணும்?” என்று கேட்க ஆரம்பித்தார். தினேஷ் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டான்.

சராசரியில் ஒரு சூத்திரம் இருந்தது, அதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. படத்தில் எதை மாற்றினாலும் அசையாமல் நிற்கிற சராசரி. அதைக் காவேரித் தண்ணீரை வைத்துப் பிடித்தாள். தெருவுக்குச் சராசரியாக இத்தனை குடம் வருகிறது, அது தெருக்கணக்கு. நம் வீட்டுக் குழாயை மட்டும் பார்த்தாலும், எதிர்வீட்டை மட்டும் பார்த்தாலும் தெருக்கணக்கு மாறாது. நம் வீட்டுக்கு வராத தண்ணீர் எப்படி கணக்கில் இருக்கும் என்று அம்மா சண்டைக்குப் போனார். சூத்திரம் ரூபினிக்கு விளங்கியது அந்தச் சண்டையில்தான்.

வடிகட்டுகிற வரிசைதான் கடைசித் தொல்லை. விவரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டு ஃபில்டர்கள் சலிக்கும். எது முதலில், எது பிறகு என்று தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். அதை எவ்வளவு சொன்னாலும் அவளுக்கு நிற்கவில்லை. அப்போதுதான் மன்றாட்டு மாலை யோசனை வந்தது.

மன்றாட்டு மாலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செபமாலை முடிந்ததும் ஒருவர் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்பார்கள். நடை பழகுகிற வயதில் ஆரம்பிப்பது, நாங்கள் தூக்கத்திலும் சொல்லுவோம். எங்கள் தெருவில் முன்னால் சொல்கிறவர் அம்மாதான், காந்தாம்மா. அம்மா தும்மினால்கூடப் பத்துப் பேர் பதில் சொல்வார்கள்.

ரூபினி காலண்டர் தாளின் பின்பக்கம் ஃபில்டர் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி அம்மா கையில் கொடுத்தாள். அம்மா கீரை ஆய்ந்தபடியே, கோவிலில் சொல்கிற அதே ராகத்தில், “கான்டெக்ஸ்ட் ஃபில்டரே” என்பார். அடுப்படியிலிருந்து “மூணாவதா வரும்” என்று பதில் வரும். “டைமென்ஷன் ஃபில்டரே.” “அதுக்கப்புறம் வரும்.” ஒரு வாரத்தில் வரிசை அப்படியே நின்றுவிட்டது. பிறகு மொத்தப் பாடத்தையும் இப்படியே மாற்றிக்கொண்டாள். எந்த விஷயத்துக்கு எந்தப் படம், எப்போது கோடு, எப்போது கட்டம், எல்லாம் கேள்வியும் பதிலுமாக ராகத்தோடு. பார்லருக்கு வருகிறவர்கள் மேலே என்ன நவநாள் செபமா என்று கேட்டார்கள். பரீட்சை என்றேன்.

பரீட்சையை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம். ஆபீசில் எல்லா அறைகளும் கண்ணாடி, பின்னால் யாராவது நடந்துபோனால் செல்லாது. வீட்டில் அறையில் தனியாக இருக்கவேண்டும், கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், எங்கேயோ ஒருவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருப்பார். தேதி நாமே எடுத்துக்கொள்ளலாம். ரூபினி கண்ணை மூடிக்கொண்டு வியாழக்கிழமையை எடுத்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்தது வியாழக்கிழமை, அவளைப் பெண் பார்க்க நாங்கள் போனது வியாழக்கிழமை. குழந்தை இயேசுவின் நாளை விட்டுவிட்டு வேறு நாளில் இவ்வளவு பெரிய காரியத்தை வைக்க எங்கள் தெருவில் யாருக்கும் மனம் வராது. அம்மா உடனே சரி என்றார், நானும் தலையாட்டினேன்.

அந்த வியாழக்கிழமை அறையைத் துடைத்து, சுவரில் இருந்த படங்களை எல்லாம் இறக்கினோம். காலண்டர்கூட இருக்கக்கூடாதாம். குழந்தை இயேசு சுரூபத்தை மட்டும் அலமாரிமேல் விட்டிருந்தாள். கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்ன அந்த மனிதர், சுரூபத்தைத் தூக்கி அடியிலும் காட்டச் சொன்னாராம். இவள் சிலுவை போட்டுக்கொண்டு தூக்கிக் காட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு கதவு சாத்தியாயிற்று. நான் கீழே ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஃபேஷியல் செய்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெங்கடசாமி வழக்கம்போல ஸ்பீக்கரைப் போட்டார். வியாழக்கிழமை என்றால் அவர் கடையில் நாள் முழுக்க செபம் ஓடும். எங்களுக்கு அது ஃபேன் சத்தம் மாதிரி, காதில் விழுவதே இல்லை. அன்றும் விழவில்லை.

பெண்ணின் முகத்தில் பூசினது காய்வதற்குள் ரூபினி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பரீட்சை நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது. வாசலில் நின்றாள். அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றதை நான் அன்றுதான் முதல்தடவையாகப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். கேள்விகள் நன்றாகவே போய்க்கொண்டிருந்தன. ஸ்பீக்கரில் மன்றாட்டு மாலை ஆரம்பித்திருக்கிறது. கண் கேள்வியில் இருந்தது, கை மவுஸில் இருந்தது, உதடு மட்டும் தன்பாட்டுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. உதட்டை அசைக்க வேண்டாம் என்று அந்த மனிதர் எச்சரித்தார். இவள் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். அடுத்த பட்டம் வந்தது, உதடு மறுபடியும் அசைந்தது. இன்னொரு எச்சரிக்கை. மூன்றாம் தடவை திரை வெள்ளையாகிவிட்டது.

சாயங்காலம் ஒரு மெயில் வந்தது. வெளியாள் உதவி பெற்றதாகச் சந்தேகம், ஆகவே பரீட்சை நிறுத்தப்பட்டது என்று இருந்தது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கோவில் உண்டியலில் ஒரு ரூபாய் குறைவாகப் போட்டால் இரண்டு நாள் தூங்காத பெண் இவள். மாதாவிடம் மன்றாடினதைக் காப்பி அடித்ததாக எழுதிவிட்டார்கள். அந்த மனிதர் மட்டும் என் பார்லருக்கு வந்திருந்தால் இரண்டு புருவத்தையும் வழித்து அனுப்பியிருப்பேன்.

ரூபினி அழக்கூட இல்லை. “வெளியாள்கிட்ட கேட்டேன்னு போட்டிருக்காங்கக்கா. நான் யாரையும் கேக்கல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வெங்கடசாமி விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தார். கன்னடமும் தமிழுமாகப் புலம்பினார், ஸ்பீக்கரை விற்றுவிடுவதாகச் சொன்னார். பாவம், அவர் என்ன செய்வார்?

மறுநாள் ஷ்ரேயாஸ் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். இவளுக்கு இங்கிலீஷில் மன்றாட்டு மாலையை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. கடைசியில் தமிழில் சொல்லியிருக்கிறாள். அவர்கள் வீட்டிலும் தமிழ்தான் என்று அன்றுதான் இவளுக்குத் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் ஸ்லோகம் கேட்டால் இப்படித்தான் என்றாராம். மூன்று மாதக் கெடு முடிவதற்குள் இன்னொரு தடவை எழுத ஏற்பாடு செய்தார். அதற்குமேல் தன்னால் முடியாது என்றும் சொல்லிவிட்டார். கையில் ஒரு மாதம் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், ரூபினி தன் உதடு அசைந்ததையே ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டுத்தான் நிறுத்தியிருப்பார்கள் என்றாள். நான் விவாதம் செய்யவில்லை. அவள் மாதிரிப் பரீட்சை எழுதும்போது எதிரே போனை நிறுத்தி வீடியோ எடுத்தேன். அன்று ஸ்பீக்கர் கிடையாது, செபம் கிடையாது, வீடு நிசப்தமாக இருந்தது. கேள்வி வந்ததும் உதடு ஆரம்பித்தது, கடைசிவரைக்கும் நிற்கவே இல்லை. வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முழுசாகப் பார்த்தாள்.

“மாடு அசை போடற மாதிரி இருக்கேக்கா.”

“நீதான் சொன்னே, நான் சொல்லல.”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். வாயை மூடினால் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை என்றாள். சோதித்துப் பார்த்தோம், உண்மைதான். உதட்டை இறுக்கிக்கொண்டால், நீலம் பச்சைகூட மறந்துபோனது. மொத்தப் பாடமும் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தில் என் தொழில் கைகொடுத்தது. மேலுதட்டில் நூல் போடும்போது வாடிக்கைக்காரர்கள் பேசக்கூடாது, பேசினால் தோல் கிழியும். ஆனால் நூல் போடும்போதுதான் அவர்களுக்கு எல்லாக் கதையும் வாயில் வரும். அதற்கு நான் எல்லோருக்கும் ஒரே வழி சொல்வேன். நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிவைத்துக்கொள்ளச் சொல்வேன். நாக்கு அங்கே இருந்தால் உதட்டுக்கு வேலை இல்லை. ரூபினியை நாற்காலியில் உட்காரவைத்தேன். மேலுதட்டில் நூலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டேன். பதில் மனசுக்குள், சரியான விடைக்கு இத்தனையாவது என்று விரலால் காட்டவேண்டும்.

முதல் நாள் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டது. வலியில் துள்ளினாள், விரலை மட்டும் கீழே இறக்கவில்லை. அன்றுதான் இவள் பாஸ் செய்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு வாரத்தில் நூல் போட உதட்டில் ஒரு முடியும் மிச்சமில்லை, வெறும் நூலை வைத்துப் பயமுறுத்திக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் மட்டும் பழகினால் போதாது என்று நாள் முழுக்க வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். அங்கேதான் எங்கள் கஷ்டம் தொடங்கியது. உப்பு போட்டாச்சு என்று சொல்லாததால் போட்டோமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. சாம்பாரில் ஒருநாள் உப்பே இருக்காது, மறுநாள் இரண்டு தடவை போட்டிருப்பாள். மாடிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாள். தினேஷ் முதலில் குஷியாக இருந்தான், பத்து வருஷத்தில் இப்போதுதான் கிரிக்கெட் கமெண்ட்ரி காதில் விழுகிறது என்றான். இரண்டாவது வாரம் என்னிடம் வந்து நின்றான்.

“அக்கா, அவகிட்ட ஏதாவது பேசச் சொல்லு. வீட்டுக்குள்ள வந்தா யார் வீட்டுக்கோ வந்தா மாதிரி கீது.”

அம்மாவின் வருத்தம் வேறு. காலண்டர் தாளுக்கு வேலை போய்விட்டது. கீரை ஆயும்போது அம்மா தானாகவே “கான்டெக்ஸ்ட் ஃபில்டரே” என்று ஆரம்பிப்பார், பதில் வராது. அதைவிட மோசம் சாயங்கால செபம். ஸ்பீக்கருக்கே மசியாமல் இருக்கவேண்டும் என்று நாங்கள் செபமாலை சொல்லும்போது ரூபினி எங்களுக்கு எதிரே லேப்டாப்பை வைத்துக்கொண்டு கேள்விகளைப் போட்டுக்கொண்டிருப்பாள். அம்மா மாதாவின் பட்டத்தைச் சொல்வார், நானும் தினேஷும் பதில் சொல்வோம். அவள் உதடு கல்லாக இருக்கும். ஒருநாள் அம்மா நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

“இது எனக்குப் பிடிக்கலம்மா. செபத்துல பக்கத்துல உக்காந்து பதில் சொல்லாம இருக்கிறது சாவு வீட்டுலகூட கிடையாது.”

ரூபினி லேப்டாப்பை மூடினாள். “மனசுல சொல்றேன் அத்தே. எல்லாத்துக்கும் சொல்றேன். பரீட்சை முடியட்டும், கடன் வெக்காம வாயால சொல்லிடறேன்” என்றாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட பட்டத்திலிருந்து தொடர்ந்தார்.

இந்தத் தடவை தேதி பார்ப்பதில் அம்மாவுக்கும் அவளுக்கும் பெரிய வழக்கு. வியாழக்கிழமை வேண்டவே வேண்டாம் என்று ரூபினி சொல்லிவிட்டாள். செவ்வாய் அந்தோனியாருக்கு, புதன் சூசையப்பருக்கு, வெள்ளி திருஇருதயத்துக்கு, சனி மாதாவுக்கு. எல்லாருக்கும் எங்கேயாவது ஒரு ஸ்பீக்கர் இருக்கும். திங்கட்கிழமை உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு, அதாவது செத்துப்போனவர்களுக்கு. அந்த நாளிலா பரீட்சை எழுதுவாய் என்று அம்மா கேட்டார். அவர்கள் சத்தம் போடமாட்டார்கள் என்று ரூபினி சொன்னாள். திங்கட்கிழமை முடிவாயிற்று.

அன்று பார்லரைச் சாத்தினேன். வெங்கடசாமி ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கி, நம்பிக்கைக்காக அதை எங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். போதாததற்கு தெருமுனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆரன் அடிக்கிற ஆட்டோக்காரர்களிடம் “ஸ்வல்ப மெல்லகே ஹோகப்பா”, கொஞ்சம் மெதுவாகப் போப்பா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். தினேஷ் டாக்சியை எடுக்கவில்லை, மாடிப்படி அடியில் காவலுக்கு நின்றான். சுரூபத்தை இந்தத் தடவை கீழே எங்கள் அறையில் வைத்துக்கொண்டோம். ரூபினி மேலே போகும்போது நாக்கை மேல்பல்லில் ஒட்டியிருந்தாள், நான் நல்லபடியா எழுது என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நானும் அம்மாவும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். தவறிச் சத்தம் வந்துவிடக்கூடாது என்று அம்மா செபமாலையைக் கையில் பொத்திவைத்திருந்தார், மணி மணியாக உருட்டினார், உதடு மட்டும் அசைந்தது. அம்மாவுக்குக் கேமரா கிடையாது, தப்பித்தார். கடந்த தடவை நின்றுபோன நேரம் கடந்தது. நான் தினேஷைப் பார்த்தேன், அவன் கட்டைவிரலை உயர்த்தினான். பரீட்சை முடிகிற நேரமும் வந்தது.

கதவு திறக்கவில்லை. முடிந்ததும் ரிசல்ட் உடனே திரையில் வந்துவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள். பாஸ் என்றால் இந்நேரம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஒரு சத்தமும் இல்லை. நாற்காலி நகர்கிற ஓசைகூட வரவில்லை. தினேஷ் படியேறி வந்து கதவைத் தட்டலாமா என்று கையால் கேட்டான். ஒருவேளை நேரம் நீட்டித்திருந்தால் தட்டினதற்காகவே நிறுத்திவிடுவார்கள் என்று நான் தடுத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் போனது. சந்தாபுரா பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்றெல்லாம் என் புத்தி போக ஆரம்பித்தது. உள்ளே அவள் தனியாக உட்கார்ந்து அந்த மேப்பை நினைத்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

அம்மாவால் அடக்க முடியவில்லை. மூடின கதவைப் பார்த்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், தெருவுக்கே முன்னால் சொல்கிற அந்தக் குரலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

“ஞானத்தின் இருப்பிடமே.”

நான் பாய்ந்து அம்மாவின் வாயைப் பொத்தினேன். அதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்துவிட்டது. முழுத் தொண்டையில், மாடி அதிர வந்தது.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!”

தினேஷ் தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டான். “போச்சு” என்றான். அம்மா என் கைக்குள்ளேயே அழ ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. ரூபினி நின்றாள், முகமெல்லாம் ஈரம்.

“அப்பவே முடிஞ்சிடுச்சுக்கா. பாஸுன்னு வந்துடுச்சு. உங்களக் கூப்பிடணும்னு பாக்கறேன், வாய் தொறக்கவே வரல. ஒட்டிக்கிச்சு. அத்தே குரல் கேட்டப்புறம்தான் தொறந்துச்சு.”

சொல்லிவிட்டு அம்மாவின் மடியில் தலையை வைத்து அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே எத்தனை கேள்வி, எதில் தடுமாறினாள், தெருக்கணக்குச் சராசரியை எப்படிக் கேட்டிருந்தார்கள், எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தினேஷ் கண்ணைக் கசக்கிக்கொண்டே வெங்கடசாமியிடம் ஒயரைத் திருப்பிக் கொடுக்கப் போனான். அம்மா மட்டும் அவள் தலையைத் தடவியபடி, ஆரம்பித்ததைப் பாதியில் விடக்கூடாது என்றார். அந்தப் படியிலேயே உட்கார்ந்து மீதிப் பட்டங்களையும் சொன்னார், ஒரு மாதத்துப் பாக்கியையும் சேர்த்து ரூபினி பதில் சொன்னாள்.

அடுத்த வாரம் ஆபீஸ் மீட்டிங்கில் மேப்பைக் காட்டிப் பேசினது அவள்தான் என்று கேள்வி. பாதி இங்கிலீஷ், பாதி கன்னடம், நடுவில் தமிழும் வந்ததாம். ஒருத்தரும் அடுத்த விஷயத்துக்குப் போகவில்லையாம். அது எனக்கு அவள் சொல்லித் தெரிந்ததுதான், நேரில் பார்க்கவில்லை.

நான் காதால் கேட்டது அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம். பார்லரைத் திறந்து முதல் ஆளுக்கு நூலை எடுத்தேன், மாடியிலிருந்து உப்பு போட்டாச்சு என்று சத்தம் வந்தது. நாற்காலியில் இருந்தவர் யாரிடம் பேசுகிறார்கள் என்று கேட்டார். எங்களிடம்தான் என்று சொன்னேன்.